நோயா, வலிமையின்மையா?

நோயுற்றுக் கிடந்த என் பெரியம்மாவைப் பார்க்க வந்த ஒருவர், யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைச் சுட்டி, ஜெபித்தும் குணமாகாமைக்கு விசுவாசக் குறைவே காரணம் என்றார். அன்று நான் வாய் திறக்கவில்லை.

அவ்வதிகாரத்தின் 14ஆம் வசனத்தில் தமிழ் வேதாகமம் ‘வியாதி’ எனத் தரும் கிரேக்க வினைக்குரிய பெயர்ச்சொல் ‘அஸ்தெனேயா’. ‘ஸ்தெனோஸ்’ என்றால் வலிமை. முன்னிற்கும் அகரம், நம் ‘அநீதி’யில் உள்ளதுபோல, அதை மறுக்கிறது. தசை தளரும் நோய்க்கு ‘மையஸ்தீனியா’ என்று மருத்துவர்கள் பெயரிட்டதும் இவ்வேரிலிருந்தே. 2 கொரிந்தியர் 12இல் பவுல் தம்மைக் குறித்துச் சொல்லும்போது இதே சொல் ‘பலவீனம்’ ஆகிவிடுகிறது. அடுத்த வசனத்தின் ‘காம்னோ’ என்னும் வினையோ, எபிரெயர் 12:3இல் இளைத்துப்போதலைக் குறிக்கிறது.

ஆகவே யாக்கோபு பேசுவது சோர்ந்த உள்ளங்களைப் பற்றியே என்பாரும் உளர். மூப்பரை வரவழைப்பதும் எண்ணெய் பூசுவதும் உடல்நோயையே காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 2 தீமோத்தேயு 4:20இலும் அதே வினைதான் இருக்கிறது: துரோப்பீம் என்னும் தோழரை நோயுற்ற நிலையில் மிலேத்துவில் விட்டுவந்ததாக அங்கே எழுதியிருக்கிறது. அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடிக்கடி ‘அஸ்தெனேயா’வுக்கு ஆளான தீமோத்தேயுவுக்கோ, கொஞ்சம் திராட்சரசம் அருந்தும்படி அறிவுரை.