பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு?

தமிழக எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் ஓசூரில் பி.இ. படித்தால் பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம். அந்தப் பக்கம் பெரும்பாலும் பெலகாவியிலுள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பி.ஏ., பி.காம். என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிதான். ஆனால் பட்டம் கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை. தன்னாட்சிக் கல்லூரி சொந்தமாகத் தேர்வு வைத்தாலும் பட்டச் சான்றிதழை வழங்குவது பல்கலைக்கழகமே.

அந்த உரிமையைத் தருவது சட்டம். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் (1956), 22ஆம் பிரிவின்படி மூன்று வகையினரே பட்டம் வழங்கலாம்: மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்கள், 3ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்கள். ஆனேக்கல் பக்கமுள்ள அலையன்ஸ் பல்கலைக்கழகம் முதல் வகை. 2010இல் கர்நாடகச் சட்டமன்றம் அதற்கென்றே சட்டம் இயற்றியது.

நிறுவனத்தின் புகழுக்கும் இந்த உரிமைக்கும் தொடர்பில்லை. பெங்களூரு ஐ.ஐ.எம். 1973இல் தொடங்கியது. நாடே மதிக்கும் அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாக எம்.பி.ஏ. பட்டம் கொடுக்க முடியாமல் முதுநிலை டிப்ளமோதான் கொடுத்துவந்தது. ஐ.ஐ.எம். சட்டம் 2017இல் நிறைவேறிய பிறகே அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது.

சட்டம் இருந்தாலும் போதாது. அது செல்லுபடியாக வேண்டும். சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் போட்டு, வெறும் அரசிதழ் அறிவிப்பிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை உருவாக்கியது. பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் அதற்கு வழிசெய்த பிரிவுகளை ரத்து செய்தது. மாணவர்களின் படிப்பு வீணாகாமல் அவர்கள் படித்த நிறுவனங்களை வேறு பல்கலைக்கழகங்களோடு இணைக்க வேண்டிய நிலை வந்தது.

டிப்ளமோவோடு சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே ‘கரஸ்’ஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு இதெல்லாம் மிக முக்கியம். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே, அதாவது ஓசூரில், ஸ்டடி சென்டர் நடத்த விதிகள் இடம்தரவில்லை. வேறொருவருக்கு ஏஜென்சி கொடுத்து நடத்தவும் கூடாது. ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு மானியக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். அனுமதிப் பட்டியல் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமல்ல, படிப்பின் பெயரையும் கல்வியாண்டையும் அதில் தேடிப் பாருங்கள்.

உரிமையில்லாமல் பட்டம் கொடுப்பவருக்கு 1956 சட்டத்தின் 24ஆம் பிரிவு விதிக்கும் தண்டனை அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தைக் கட்டணமாகக் கட்டியவருக்கு அந்தப் பிரிவில் இழப்பீடு பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பிரிவை மாற்றியே ஆக வேண்டும்.