வீடும் கோடும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "வீட்டை விற்றுப் பார்" என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சென்ற காலாண்டு விடுமுறையில், தொண்டாமுத்தூரில் உள்ள என் அம்மிச்சியின் வீட்டை விற்பது பற்றிப் பேச்சு எழுந்தது. மாமா ஒரு விலை சொன்னார். அப்பா ஒரு விலை சொன்னார். தரகர் இரண்டிற்கும் கீழே ஒரு விலை சொன்னார். "சண்டை எதற்கு? நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்" என்று வீரம் பேசிவிட்டு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்க எண்ணுகிறேன்.

பெரிய வீடு என்றால் விலை அதிகம் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் நூறு சதுர அடி கூடினால் எத்தனை ரூபாய் கூடும்? இதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் படிக்கும் என் அக்காவின் வணிகக் கணிதப் புத்தகத்தில் அதற்குத் 'தொடர்புப் போக்கு' என்று பெயர். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் நேர்க்கோட்டுச் சமன்பாடே அதற்குப் போதும்.

எங்கள் பக்கத்தில் அண்மையில் விலை போன ஐந்து வீடுகளை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். கணக்கு எளிதாக வரும்படி எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். இதை ஊர் விலைப் பட்டியலாக யாரும் கொள்ள வேண்டாம். 600 சதுர அடி வீடு 32 லட்சம். 800 சதுர அடி 38 லட்சம். 1000 சதுர அடி 48 லட்சம். 1200 சதுர அடி 52 லட்சம். 1400 சதுர அடி 65 லட்சம். வரைபடத் தாளில் குறித்தால் ஐந்து புள்ளிகளும் மேல்நோக்கி ஏறுகின்றன, ஆனால் ஒரே கோட்டில் நிற்கவில்லை. அளவுகோலை எப்படி வைத்தாலும் ஒரு புள்ளி மேலே போகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. எந்தக் கோட்டைச் சரி என்பது?

முதலில் சராசரி காண வேண்டும். சராசரிப் பரப்பு 1000 சதுர அடி, சராசரி விலை 47 லட்சம். ஒவ்வொரு வீடும் இந்தச் சராசரி வீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்போம். பரப்பை நூறு நூறு சதுர அடியாக எண்ணினால் விலகல்கள் −4, −2, 0, 2, 4. விலையின் விலகல்கள் −15, −9, 1, 5, 18. இவற்றைச் சோடி சோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 160. பரப்பு விலகல்களை மட்டும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 4. இதுவே கோட்டின் சாய்வு. அதாவது நூறு சதுர அடிக்கு 4 லட்சம் கூடுகிறது. கோடு சராசரி வீட்டின் வழியே செல்ல வேண்டும் என்பதால் வெட்டுத்துண்டு 47 − 40 = 7. ஆகவே:

விலை = (4 × பரப்பு) + 7

இந்தக் கோடு ஐந்து வீடுகளுக்கும் முறையே 31, 39, 47, 55, 63 லட்சம் என்கிறது. உண்மை விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள் +1, −1, +1, −3, +2. கூட்டினால் பூச்சியம். வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16. வேறு எந்தக் கோடு வரைந்தாலும் இந்த 16 கூடுமே தவிரக் குறையாது. இதனால்தான் இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர்.

இம்முறையை 1805ஆம் ஆண்டில் முதலில் அச்சிட்டவர் பிரான்ஸ் நாட்டு லெஜாந்தர். ஆனால் அதற்கும் முன்பே இதே சிக்கலில் மாட்டியவர் ஒரு குருவானவர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை ரோஜர் போஸ்கோவிச், பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் அவர்களின் விருப்பப்படி, அருள்தந்தை கிறிஸ்டோபர் மேயருடன் ரோமுக்கும் ரிமினிக்கும் இடையே நிலத்தை அளந்தார். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக உள்ளது என்று அறிவதே நோக்கம். கீட்டோ, நன்னம்பிக்கை முனை, ரோம், பாரிஸ், லாப்லாந்து என ஐந்து இடங்களின் அளவுகள் அவர் கையில் இருந்தன. என் ஐந்து வீடுகளைப் போலவே அவையும் ஒரே கோட்டில் விழவில்லை. பிடிக்காத அளவை ஒதுக்கிவிடாமல், ஐந்தையும் மதித்து ஒரே கோடு வரைய 1757இல் அவர் ஒரு விதி சொன்னார்: மிகைப் பிழைகளும் குறைப் பிழைகளும் சமமாக வேண்டும், குறியைப் பாராமல் கூட்டினால் பிழைகளின் தொகை மிகக் குறைவாக வேண்டும். அவர் வர்க்கப்படுத்தவில்லை. வர்க்கப்படுத்தினால் பெரிய பிழைக்குப் பெரிய தண்டனை. நம் கணக்கில் 16இல் 9ஐ நான்காவது வீடு ஒன்றே எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். அந்த வீடு கார் நுழையாத சந்தில் இருக்கிறது என்று அப்பா பிறகு சொன்னார். கோட்டுக்குச் சந்து தெரியாது.

இனி அம்மிச்சி வீட்டுக்கு வருகிறேன். அது நடுவில் வாசல் திறந்த, ஓடு வேய்ந்த தொட்டிக்கட்டு வீடு. அளந்து பார்த்தோம்: 2200 சதுர அடி. 4 × 22 + 7 = 95. "95 லட்சம்!" என்று நான் கூவியதும் மாமா எழுந்தே நின்றுவிட்டார். தரகர் சொன்னதோ 70. அன்று மாலை தரகரை ஏமாற்றுக்காரர் என்றே நாங்கள் பேசிக்கொண்டோம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு அம்மிச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த அஞ்சு வீடும் ஓட்டு வீடா?"

இல்லை. ஐந்தும் பத்து வருடங்களுக்குள் கட்டிய காங்கிரீட் வீடுகள்.

"அப்புறம் உன்ற கணக்குல என்ற கிணத்தை எங்க வெச்சே?"

எங்கும் வைக்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளில் என் பிழைகள் இரண்டும் வெளிவந்துவிட்டன. என் கோடு 600 முதல் 1400 வரை உள்ள புது வீடுகளைப் பார்த்துப் பழகியது. 2200 சதுர அடிக்கு அதை நீட்டியது நான்தான். கோடு தானாக நீளவில்லை. மறுபக்கம் நீட்டினால் இன்னும் வேடிக்கை: பூச்சியம் சதுர அடி வீட்டுக்கும் 7 லட்சம் கேட்கும்! பழைய வீட்டை வாங்குபவர் அதை இடித்துவிட்டுக் கட்டவே நினைப்பதால் மனையைத்தான் எண்ணுகிறார். அதனால்தான் எங்கள் ஊரில் முதல் கேள்வியே "எத்தனை சென்ட்?" என்பது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பும் அப்படியே. மனையின் பரப்பைத் தெருவுக்கு உரிய விகிதத்தால் பெருக்குகிறார்கள். அதுவும் ஒரு நேர்க்கோடுதான், ஆனால் ஆதிப்புள்ளி வழியே செல்வது.

மனை, கிணறு, வழி, வயது என்று பல காரணிகளையும் சேர்த்துக் கணக்கிடவும் முடியும். 1978இல் ஹாரிசன், ரூபின்ஃபெல்ட் என்ற இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிகள் 506ஐ எடுத்துக்கொண்டு, சுத்தமான காற்றுக்கு மக்கள் எவ்வளவு விலை தருகிறார்கள் என்று கண்டார்கள். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது இனிக்கும் செய்தி. ஆனால் அதே தரவில், அப்பகுதியில் கறுப்பின மக்கள் எத்தனை பங்கு என்பதைக் கொண்டு அமைத்த ஒரு நிரலும் இருந்தது. கணினி கற்போர் பல ஆண்டுகள் அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். அந்த நிரலின் காரணமாகவே பிரபலமான மென்பொருள் தொகுப்பு ஒன்று 2022இல் அத்தரவை நீக்கிவிட்டது. மனிதர் மனத்தில் உள்ள வேற்றுமை விலையில் இருந்தால், கோடு அதையும் கற்றுக்கொண்டு கணிதம் என்று திருப்பிச் சொல்லும். நம் ஊரில் அந்த நிரலுக்கு என்ன தலைப்பு இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அம்மிச்சி வீட்டைப் போன்ற ஓட்டு வீடுகள் விலை போன விவரம் தேடி மாமாவும் நானும் மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும் அலைந்தோம். இரண்டே வீடுகள் கிடைத்தன. இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு நேர்க்கோடு எப்போதும் பிழையே இல்லாமல் அமைந்துவிடும். எந்த இரண்டை எடுத்தாலும் அமையும். ஆகவே அந்தப் பூச்சியப் பிழையை நம்ப முடியாது என்று மாமாவிடம் சொன்னேன். தரகரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறோம். கிணற்றை அவரே எட்டிப் பார்க்கட்டும் என்று அம்மிச்சி சொல்லிவிட்டார்.