முதுகில் போட்ட ஊசிக்குக் கை ஏன் துவள்கிறது?

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுமி. முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து, திடீரென்று வலது கை துவள்கிறது, பேச்சு குழறுகிறது. பக்கவாதமா?

இருக்கலாம். பக்கவாத வேடம் போடும் இன்னொன்றாகவும் இருக்கலாம்: மெத்தோட்ரெக்சேட் மருந்தின் பக்கவிளைவு. சில குழந்தைகளுக்கு மட்டும் வருவது.

மூளைப் பக்கம் புற்றணுக்கள் பதுங்கிவிடக் கூடாது என்றுதான் இந்த மருந்தை முதுகுத்தண்டு நீரில் செலுத்துகிறார்கள். ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது இதன் வேலை. அது இல்லாமல் புற்றணு பெருக முடியாது. சிக்கல் என்னவென்றால், மூளைக்கும் அதே ஃபோலிக் அமிலம் வேண்டும். தட்டுப்பாட்டில் ஹோமோசிஸ்டைன் போன்ற பொருள்கள் சேர்ந்து நரம்புத் திசுவை வருத்துகின்றன.

சிடி ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எம்ஆர்ஐயில் தெரியும். எப்படி?

தேரோடும் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். வீதி அகலமாக இருந்தால் ஆட்கள் தாராளமாக நடப்பார்கள். இருபுறமும் கடைகள் முன்னே நீண்டுவிட்டால்? நகரவே முடியாது. திசுவுக்குள் உலவும் நீருக்கும் அதே கதிதான்: வீக்கம் கண்ட இடத்தில் அது முடங்குகிறது. நீர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கும் எம்ஆர்ஐ முறையில் அந்த இடம் பளிச்சென்று வெளுத்துத் தெரியும்.

பக்கவாதமும் வெளுப்பாகத்தானே தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பக்கவாதத்தில் அடைபட்ட ரத்தக்குழாயின் எல்லைக்குள் வெளுப்பு நிற்கும். மருந்தால் வரும் வெளுப்பு அந்த எல்லையை மதிக்காது. மூளையின் வெண்பகுதியில், சில சமயம் இருபுறமும் தெரியும்.

பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். பலருக்கு அதே மருந்தைக் கவனமாக மீண்டும் தொடங்குவதும் உண்டு.