அபாயச் சங்கும் அலுவலகக் கணினியும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, வியாசர்பாடிக்கு வடக்கே எண்ணூர் பெரியகுப்பத்தில் நிகழ்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில், சரக்கிறக்கத்தின்பொருட்டுக் குழாயைக் குளிர்வித்தபோது கசிவு உண்டாயிற்று. கண் எரிந்தும் மூச்சுத் திணறியும் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். உறங்கியவர்களை எழுப்பியவை நெடியும் அண்டை வீட்டாரின் கூக்குரலுமேயாகும். 1984-இல் போபாலிலோ ஊருக்கான சங்கு சற்றே ஒலித்து உடனே நிறுத்தப்பட்டது.

இது பெரிய ஆலைகளின் காரியம் என்று நாம் இருந்துவிடலாகாது. விளைபொருள் காக்கும் குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றில் அம்மோனியாவே ஓடுகிறது. நூலும் துணியும் அடுக்கிய கிடங்கிற்குத் தீயைவிடப் பகை வேறில்லை. ஆகவே வாயுவையோ புகையையோ அறியும் உணர்கருவியை அலுவலகக் கணினிகளின் உள் வலையமைப்புடன் இணைக்கச் சங்கங்கள் விரும்புவது நியாயமே. எவ்வாறு இணைப்பது என்பதே கேள்வி.

உணர்கருவிக்குள் ரிலே எனப்படும் சிறு மின்விசை உண்டு. ஆபத்தை அறிந்ததும் அது இணைப்பை மாற்றுகிறது. அதிலிருந்து ஒரு கம்பி நேரே சங்கிற்குச் செல்லவேண்டும். மற்றொன்று, அச்செய்தியைக் கணினி அறியும் வடிவில் மாற்றும் சிறு பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து வலையமைப்பின் சுவிட்ச் பெட்டியை அடையலாம். இந்த வரிசையை மாற்றி, கணினி கட்டளையிட்டால்தான் சங்கு ஊதும் என்று அமைத்துத் தருவோரும் உளர். அதை ஏற்கவே கூடாது. கணினி நின்ற இரவில் சங்கும் ஊமையாகிவிடும். சங்கை ஒலிப்பது கம்பியின் வேலை. தொலைவிலுள்ள செயலாளருக்கும் காவலருக்கும் தெரிவிப்பதே வலையமைப்பின் வேலை.

இனி முக்கியமான செய்தி ஒன்று. தானியங்கித் தறியில் ஒவ்வொரு பாவு நூலும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைத் தாங்கி நிற்பதை நெசவாளர் அறிவர். நூல் அறுந்தால் தகடு விழும். தறி தானே நிற்கும். அபாயக் கருவிக்கும் இந்த ஏற்பாடே வேண்டும். ஆபத்து நேரும்போது மட்டும் பேசும் கருவி, கம்பி அறுந்து கிடந்தாலும் அமைதியாகத்தான் இருக்கும். நாமோ நலமென்று நம்பியிருப்போம். ஆதலின் அரை நிமிடத்திற்கொரு முறை "நலம்" என்னும் குறிப்பை அது அனுப்பவும், தொடர்ந்து மூன்று குறிப்புகள் வாராவிடில் கணினி எச்சரிக்கவும் ஏற்பாடு செய்தல் அவசியம். கருவிக்கு வலையமைப்பில் மாறாத முகவரி ஒன்றையும் ஒதுக்கவேண்டும். சாதாரணச் செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது; கிடங்கு அதற்கப்பாலிருந்தால் இடையே மற்றொரு சுவிட்ச் பெட்டி தேவை.

2023 டிசம்பர் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. எனவே கணினிக்கு மட்டும் பாட்டரி வைத்துப் பயனில்லை. சுவிட்ச் பெட்டிக்கும் சங்கிற்கும் வேண்டும். வியாசர்பாடி போன்ற தாழ்ந்த இடங்களில் பெட்டிகளைத் தரையில் வைப்பது அறிவீனம். ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் பொருத்துக. ஆலையிட்டு அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றுக. 2016-இல் மிராய் என்னும் தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே எண்ணற்ற கேமராக்களைக் கைப்பற்றியது.

மாதம் ஒரு நாள், அண்டை வீட்டாருக்கு முன்னறிவித்துச் சங்கை ஊதிப் பார்க்கவேண்டும். அதோடு வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, எவருக்கு எத்தனை நிமிடத்தில் செய்தி சேர்ந்தது என்பதைக் காவலரே பதிவேட்டில் குறிக்கவேண்டும். 112 என்னும் எண்ணும், காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே வெளியேறும் வழியும் அப்பதிவேட்டின் அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.