மத்தாப்பும் மாணிக்கப் பொடியும்

தீபாவளியன்று ராஜபாளையத்துக் குழந்தைகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தைகளும் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிறார்கள். எல்லாம் பக்கத்துச் சிவகாசிச் சரக்கு. அலுமினியப் பொடி எரிந்து வெள்ளொளி வீசுகிறது. இரும்புத் தூள் பொறிப் பொறியாய்ச் சிதறுகிறது. பிறகு மிஞ்சுவது என்ன? உலோகம் பிராணவாயுவுடன் கூடிப் பிறந்த ஆக்ஸைடு. நம் வீட்டுச் சிறுவர்கள் அறியாமலே ரஸாயன சாலை நடத்துகிறார்கள் என்றால் மிகையாகாது. ஆயினும் அந்தச் சாம்பல் பலவும் கலந்த கசடு, விஞ்ஞானிக்கு உதவாது.

அவருக்கு வேண்டியது சுத்தமான நுண்பொடி. அலுமினிய ஆக்ஸைடில் 'ஆல்பா' என்ற உறுதியான வகையைப் பெறுவதற்கு 1,100 டிகிரிக்கு மேல் வெகு நேரம் காய்ச்ச வேண்டும் என்பது பழைய முறை. அத்தகைய உலையைச் சிற்றூர்க் கல்லூரிகள் எங்கே தேடும்?

இதற்கொரு சுருக்கு வழியை 1988-இல் கண்டு வெளியிட்டவர்கள், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கே. சி. பாட்டீல், ஜே. ஜே. கிங்ஸ்லி என்ற இருவர். அலுமினியம் நைட்ரேட் 20 கிராம். யூரியா 8 கிராம். யூரியா என்பது நம் வயல்களுக்கு இடும் உரமேதான்! இரண்டையும் சிறிது நீரில் கரைத்து, 500 டிகிரிச் சூடுள்ள உலையில் வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடாயில் பால் சுண்டுவதுபோலக் கரைசல் கொதித்துச் சுண்டுகிறது; நுரைத்துப் பொங்குகிறது; திடீரென்று தீப்பற்றுகிறது. நைட்ரேட்டில் அடங்கிய பிராணவாயுவைக் கொண்டு யூரியா எரிவதால், சுவாலையின் உஷ்ணம் 1,300 டிகிரியையும் தாண்டிவிடுகிறது. ஐந்தே நிமிஷங்களில் காரியம் முடிந்து, பாத்திரம் நிறைய வெண்ணுரை நிற்கிறது.

நிறுத்துப் பார்த்தால் அத்தனை நுரையும் மூன்று கிராம்கூடத் தேறாது! மற்றதெல்லாம் நீராவியாகவும் வாயுவாகவும் போய்விடுகிறது. அந்த நஷ்டமே இங்கே லாபம். வாயு வெளியேறும் வேகத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்படாமல் நுண்மையாகவே நின்றுவிடுகின்றன. கரைசலில் குரோமிய நைட்ரேட் சிறிதளவு சேர்த்துவிட்டாலோ, இளஞ்சிவப்பான மாணிக்கப் பொடி கிடைக்கும். நகைக் கடைக் கெம்பும் இந்தப் பொடியும் ஒரே வஸ்து என்றால் பெண்மணிகள் நம்புவார்களோ, மாட்டார்களோ!

நேயர்கள் இதை அடுப்பங்கரையில் முயலக்கூடாது. நைட்ரேட் சிதையும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுப்பது. நைட்ரேட்டும் எரிபொருளும் கூடினால் எவ்வளவு வேகம் பிறக்கும் என்பதை இந்த ஜில்லாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகைபோக்கியுள்ள கல்லூரிச் சாலையில், ஆசிரியர் அருகிருக்க, கொஞ்சமே எடுத்துச் செய்யலாம். நுரை பொங்கி வழியாதபடி பாத்திரம் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.