‘கேட்கும் குழந்தைகள்’: ஓர் ஓவியப் பெயரின் இருபொருள்

நெதர்லாந்து ஓவியர் காரல் ஆப்பெல், 1949இல் ஆம்சுடர்டாம் நகரமன்ற உணவகச் சுவரில் வட்டவிழிச் சிறார் சிலரை வரைந்தார். அவர் சார்ந்த கோப்ரா குழுவினர் (1948–1951) உருவொப்புமையை விடுத்துச் சிறார் கோட்டின் எளிமையை நாடினர். குழந்தையும் விலங்கும் அவர்தம் ஓவியங்களில் பெரிதும் பயிலும்.

இவ்வோவியப் பெயரிலுள்ள ‘ஃப்ராகென்’ என்னும் டச்சு வினை, வினவுதல், இரத்தல் என இருபொருளும் தரும். போருக்குப்பின் செருமனியில் ஆப்பெல் கண்ட, இரந்து நின்ற சிறாரே இதற்கு வித்து. ஆதலின் ‘வினவும் குழந்தைகள்’ எனப் பெயர்ப்பின் பசி மறையும். ‘இரக்கும் குழந்தைகள்’ எனின் வினா மறையும். தமிழின் ‘கேட்டல்’ இரண்டனையும் தாங்குதலின், ‘கேட்கும் குழந்தைகள்’ என்றலே பொருந்தும்.

அலுவலர் எதிர்ப்பால் அவ்வோவியம் பத்தாண்டுக் காலம் மூடப்பட்டிருந்தது. உண்ணுமிடத்தே அவ்விழிகளை எதிர்நோக்குதல் அவர்க்கு அரிதாயிற்றுப் போலும்.