பெட்டிக்குள் ஒரு முட்டை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா தம் ஸ்கேன் அறிக்கையைப் போட்டிருந்தார். புரோஸ்டேட் சுரப்பி: 5.0 x 4.0 x 4.0 செ.மீ., கொள்ளளவு 42 மி.லி. “பெருக்கினால் 80 வருகிறதே, தப்பாகப் போட்டுவிட்டார்களா?” என்று கேட்டிருந்தார். கணக்கராக வேலை பார்த்தவர். எண் ஒத்துப்போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அல்ட்ராசவுண்ட் பிரிவில் வேலை செய்வதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் கிடைப்பது ஒரு பெட்டியின் கொள்ளளவு. புரோஸ்டேட் பெட்டி இல்லையே, ஏறக்குறைய முட்டை வடிவம். அது பெட்டிக்குள் பாதிக்குச் சற்று அதிகமான இடத்தையே அடைக்கும். ‘பை’யை 6ஆல் வகுத்தால் வரும் 0.52தான் அந்தப் பங்கு. 80ஐ அதனால் பெருக்கினால் 41.6. கணக்கு சரி.

ஆனால் மாமா கேட்காத கேள்விதான் முக்கியம். அந்த 42ஐ எவ்வளவு நம்பலாம்?

ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு, சுரப்பி பெரிதாக இருந்தாலே கூடும். அதனால் பிஎஸ்ஏயைக் கொள்ளளவால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 0.15ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துவார்கள். மாமாவுக்கு பிஎஸ்ஏ 6, வகுத்தால் 0.14. சரி, அதே சுரப்பியை அளக்கும்போது மூன்று அளவும் பத்து விழுக்காடு குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்: 4.5, 3.6, 3.6. வித்தியாசம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். கொள்ளளவோ 30க்கு இறங்கிவிடும்; வகுத்தால் 0.20! சுரப்பியும் மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சுரப்பியின் கீழ்நுனி பல நேரம் மங்கலாகத்தான் தெரியும். கோட்டை எங்கே நிறுத்துவது என்பதில் இருவர் வேறுபடுவது சாதாரணம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நல்ல மருத்துவர் யாரும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டார். எம்ஆர்ஐ, விரல் பரிசோதனை, வயது, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

எல்லா உறுப்புக்கும் இந்தக் குறுக்குவழி செல்லாது. கல்லீரல் தானம் கொடுப்பவருக்கு சிடி ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் கல்லீரலின் எல்லையை வரைந்து, பரப்பைப் படங்களின் இடைவெளியால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். கொடுத்த பிறகு அவரிடம் ஏறக்குறைய 30 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். அங்கே முட்டைக் கணக்கு போட முடியாது.

“போன வருஷம் 38, இப்போது 42, வளர்ந்துவிட்டதா?” என்று அத்தை உடனே கேட்டார். அந்த அளவு வித்தியாசம் அளப்பதிலேயே வரும், அத்தை. பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோய், இரண்டும் ஒரே வகை ஸ்கேனா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.